ஆட்டுக் குளிகை

எங்கள் மன்னி குழாய்த் தண்ணீர் குடித்ததில்லை. திருவனந்தபுரத்தில் குழாய் வந்த புதிது. வலியசாலைத் தெருவில் எல்லோரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு முக்குக் குழாய்க்கு ஓட, மன்னி மட்டும் கொல்லைக் கிணற்றில் இறைத்துக்கொண்டிருந்தாள். குழாயின் கழுத்துக்குள்ளே தோல் வளையம் போட்டிருக்கிறது என்று யாரோ அவள் காதில் போட்டுவிட்டார்கள்.

"மாட்டுத் தோல் தொட்ட ஜலத்தை வாயிலே விடறதாவது! எனக்கு ஒத்துக்காதுடி" என்றாள்.

நான் விடுவேனா? எனக்கு அப்போதே வாய் நீளம். "அப்போ இனிமே கச்சேரிக்கு வராதேங்கோ மன்னி. மிருதங்கத்திலேயும் தோல்தான்" என்றேன்.

"காதுக்குத் தீட்டு கிடையாது, கேட்டியா" என்று சொல்லிவிட்டு அவளே முதலில் சிரித்தாள்.

மன்னி என்றால் என் அண்ணாவின் பெண்டாட்டி. பெயரைச் சொல்லப் போவதில்லை. தெருவில் பாதிப் பேருக்கு அவள் பெயர் தெரியவும் தெரியாது. 'மடி மன்னி வீடு எது?' என்றால் சின்னக் குழந்தைகூட எங்கள் வாசலைக் காட்டும். விடியற்காலையில் ஸ்நானம் பண்ணி, யாரும் தொடாமல் தனியாக உலர்த்தின புடவையை ஒரு கழியால் எடுத்துக் கட்டிக்கொண்டு, நைவேத்தியம் முடிகிறவரைக்கும் ஒருவர் மேலும் படாமல் அடுக்களையில் இருப்பாள். மற்ற வீடுகளிலும் மடி உண்டு, இல்லாமல் என்ன? ஆனால் மற்றவர்களுக்கு அது ஒரு கஷ்டம். மன்னிக்கு அது சந்தோஷம். அந்தக் கழியைத் தூக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

தம்பானூரில் ரயில் ஏறினால் திருநெல்வேலி போய்ச் சேருகிறவரை ஒரு மடக்குத் தண்ணீர் உள்ளே போகாது. ஒரு தடவை மயங்கியே விழுந்துவிட்டாள். அண்ணா பயந்துபோய் சோடா வாங்கி நீட்ட, கண்ணைத் திறந்தவள், "யார் வாய் வெச்ச குப்பியோ" என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். இதைச் சொல்லிச் சொல்லி எத்தனை வருஷம் சிரித்திருப்போம்!

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தன் மடியை அவள் யார் தலையிலும் கட்டியதில்லை. நான் வெளியில் போய்விட்டு வந்து அப்படியே அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தால் என் அம்மா கத்துவாள். மன்னி கத்தமாட்டாள். தான் சமைத்ததை எங்களுக்கு விட்டுவிட்டு, தனக்கு மட்டும் மறுபடி குளித்துவிட்டு வேறு சாதம் வடித்துக்கொள்வாள்.

எனக்குத் தலைப்பிரசவம். கரமனையில் புக்ககம், பிரசவத்துக்கு வலியசாலைக்கு வந்திருந்தேன். மன்னிக்குப் பிறந்தகத்தில் தாயார் இல்லை, அதனால் அவளுக்கும் எங்கள் வீட்டில்தான். பத்து நாள் வித்தியாசத்தில் எனக்குப் பிள்ளையும் அவளுக்குப் பெண்ணும் பிறந்தன. என் பிள்ளை பிறந்த அன்றைக்கு வாயைத் திறந்தான், ஆறு மாசம் மூடவில்லை. அழுவதை எங்கள் பக்கத்தில் கரைவது என்போம். கரைந்து கரைந்து என் உயிரை வாங்கினான். தெருவே காதைப் பொத்திக்கொண்டது.

மன்னியின் பெண் அம்மிணி இருக்கிற இடமே தெரியாது. பால் குடிக்கும்போதே தூங்கிவிடும். எழுப்பினால் கொஞ்சம் குடிக்கும், மறுபடி தூக்கம். எப்போதாவது அழுதாலும் தொண்டை கட்டினவர் குரல் போல மெல்ல ஒரு சத்தம். மேலெல்லாம் மஞ்சள் பூத்திருந்தது, இரண்டு மாசம் ஆகியும் போகவில்லை. "தங்க விக்ரகம்" என்றார்கள். நாக்கு வெளியே எட்டிப் பார்த்தது. "பெரிய பேச்சுக்காரியா வருவா" என்றார்கள். நாலு நாளைக்கு ஒரு தரம்தான் வெளிக்கு இருந்தது. அதுவும் சமர்த்தில் சேர்ந்தது, துணி அலசுகிற வேலை மிச்சம் அல்லவா?

பார்க்க வந்த மாமிகள் என் பிள்ளையைத் தாண்டி அங்கே போய் உட்கார்ந்துகொள்வார்கள். "கொழந்தைன்னா இதன்னா கொழந்தை! மன்னி இருந்த மடி லேசுப்பட்டதா? பத்து மாசம் ஒருத்தர் நிழல் படாம இருந்தாளே, அதாக்கும் இப்படி ஒரு தபஸ்வி வந்து பொறந்திருக்கு" என்றாள் எதிர்வீட்டு மாமி. மன்னிக்கு முகம் சிவந்துவிட்டது. அவளும் அதை நம்பினாள். நாங்கள் எல்லோரும் நம்பினோம். எனக்கு வயிறு எரிந்தது. அப்படியொரு குழந்தை எனக்குப் பிறக்கவில்லையே என்று ஒரு நாள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். இதை இப்போது எழுதும்போது என்னையே ஓங்கி அறையலாம் போல இருக்கிறது.

என் பிள்ளை குப்புற விழுந்தான், தவழ்ந்தான், விளக்கைப் பிடித்து இழுத்தான். அம்மிணி போட்ட இடத்தில் கிடந்தாள். தொட்டால் மேல் சில்லென்று இருக்கும். "பொண் கொழந்தை நிதானமாத்தான் வரும்" என்றாள் அம்மா.  நான் ஒரு நாள் கரமனையிலிருந்து வந்து, கத்துகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அலுத்துக்கொண்டபோது, மன்னி என் முகத்தைப் பாராமல் சொன்னாள்:

"இவன் கரையறதுலே பாதியை என் பொண்ணுக்குக் கொடேன்."

அப்போதுதான் அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

ஒன்றரை வயசில்தான் டாக்டரிடம் போனோம். அதற்குள் மந்திரித்தாயிற்று, கஷாயம் ஆயிற்று, பழனிக்கு முடிந்துவைத்தாயிற்று. டாக்டர் நாகர்கோவில் பக்கத்துக்காரர், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், தம்பானூரில் சின்னதாக ஒரு டிஸ்பென்சரி வைத்திருந்தார். அம்மிணியை மேசைமேல் கிடத்தி நாக்கைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், உள்ளங்காலைக் கையால் பொத்திப் பார்த்தார்.

"எத்தனை மாசம்?"

"பதினெட்டு" என்றாள் மன்னி.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். பிறகு தன் தொண்டையில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: "இங்க தைராய்டுன்னு ஒரு சதை உண்டும்மா. பிள்ளை வளரதுக்கும் புத்தி வரதுக்கும் அதுதான் காரியம். இந்தப் பிள்ளைக்கு அது பிறக்கும்போதே சரியா வேலை செய்யல்ல. மருந்து இருக்கு. பிறந்த உடனே கொண்டு வந்திருந்தா ரொம்ப நல்லது. இப்பவும் குடுக்கலாம், நல்ல மாத்தம் தெரியும்."

மன்னி கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் எழுந்து அலமாரியைத் திறக்கப் போனவர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"ஒரு காரியத்தை மறைக்காம சொல்லிடுதேன். இந்த மாத்திரை ஆட்டுத் தொண்டையில உள்ள அந்தச் சதையை உணக்கிப் பொடிச்சுச் செய்யது. கப்பல்ல வருது. ஒங்க ஆளுகளுக்கு ஆகாதுன்னு தெரியும். சொல்லாமத் தந்திருப்பேன், ஆனா இது ஆயுசு முழுக்க தினமும் குடுக்க வேண்டிய மருந்து. பாதியில தெரிஞ்சு நிறுத்திட்டீங்கன்னா பிள்ளை பழையபடி ஆயிரும். அதான் இப்பவே சொல்லுதேன்."

 மன்னி மடியில் குழந்தையை எடுத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். தோல் வளையத்துக்குப் பயந்து குழாய்த் தண்ணீர் குடிக்காதவள். இப்போது எழுந்து போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். "கொடுங்கோ" என்றாள்.

வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது அவள் தானாகவே பேசினாள். "கொழந்தைக்குத் தோஷம் கிடையாது. அதுக்கு என்ன தெரியும்? தெரிஞ்சு கொடுக்கறவளுக்குத்தானே தோஷம். அது நானாக்கும். அப்போ சரி."

வேறொருத்தியாக இருந்தால் மருந்துதானே என்று ஆசாரத்துக்கு ஒரு விலக்குச் சொல்லியிருப்பாள். சாஸ்திரிகளைக் கேட்டிருந்தால் அவரே ஏதாவது வழி சொல்லியிருப்பார். மன்னி கேட்கவில்லை. ஆசாரத்தை ஒரு நூல்கூட அசைக்காமல், அதிலிருந்து தன்னைத் தானே தள்ளிவைத்துக்கொண்டாள்.

"சாளக்கிராமம் இருக்கற ஆத்திலே ஆடா? பகவானே!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மன்னி நிதானமாகச் சொன்னாள்: "அம்மா, சமையல் ஆகி, நைவேத்யம் ஆகி, எல்லாரும் சாப்பிட்ட அப்புறம் கொல்லையிலே வெச்சுக் கொடுக்கறேன். கொடுத்த பின்னே மறுநாள் ஸ்நானம் பண்றவரைக்கும் நான் ஒண்ணையும் தொடமாட்டேன். அடுக்களைப் படி ஏறமாட்டேன். உங்களையும் தொடமாட்டேன், உங்க பிள்ளையையும் தொடமாட்டேன்."

 அண்ணா சர்க்கார் ஆபீசான ஹஜூர் கச்சேரியில் குமாஸ்தா. அவன் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு அதற்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். அவன் எப்போதும் அப்படித்தான்.

அன்றிலிருந்து தினமும் மன்னி காலையில் எல்லோருக்கும் சமைப்பாள். பிறகு மாத்திரையைத் தேனில் குழைத்துக் குழந்தையின் நாக்கில் தடவுவாள். அத்தோடு அவள் வீட்டுக்கு வெளியே. கொல்லைத் தாழ்வாரத்தில் தனி இலை, தனிச் செம்பு. தாகமென்றால்கூட யாராவது வந்து ஊற்ற வேண்டும். தெரு விட்டுவைக்குமா? 'ஆட்டுக் குளிகை' என்று அதற்கு ஒரு பேர் வைத்தது. மாமிகள் அழைக்காமல் விடுவதற்கு முன்னாலேயே மன்னி, "இந்த வருஷம் நான் வரல்லை மாமி" என்று சொல்லி அவர்கள் சங்கடத்தைத் தீர்த்துவைத்தாள். நவராத்திரிக்கு நான் கரமனைக்குக் கூப்பிட்டேன். வந்தாள், கேட்டுக்கு வெளியே நின்றாள். என் மாமியார் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெற்றிலைப் பாக்கை மேலேயிருந்து அவள் கையில் போட்டேன். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. அவளாகவே வராமல் நின்றது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அம்மிணி! அந்தக் குளிகை செய்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு மாசத்தில் மேல் சூடு வந்தது. நாக்கு உள்ளே போயிற்று. முகத்தில் இருந்த வீக்கம் வடிந்து, அடியிலிருந்து ஒரு முகம் வந்தது. அது அப்படியே மன்னியின் முகம். உட்கார்ந்தாள். ரெண்டரை வயசில் நின்றாள். மூன்றில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பிறகு ஒரு நாள் கொல்லையில் காக்காயைப் பார்த்து, "வா" என்றாள். அவளுக்கு வந்த முதல் வார்த்தை அதுதான், ஒரே வார்த்தையும் அதுதான். காக்காய்க்கு வா, பசுவுக்கு வா, அண்ணா கச்சேரிக்குக் கிளம்பினால் அவனுக்கும் வா. என்னைப் பார்த்து அவள் வா என்றால் நான் ஓடிப் போய்த் தூக்குவேன். மன்னி தாழ்வாரத்திலிருந்து, "அடுத்த வருஷம் பாரு, உன் வாய்க்கு இவ வாய் பதில் சொல்லும்" என்பாள். பட்டினி கிடந்தவளுக்குச் சாதம் போட்டது போல இருந்தது அவள் முகம்.

அப்புறம் யுத்தம் வந்தது. முதலில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அரிசி குறைந்தது, மண்ணெண்ணெய் குறைந்தது, பிறகு மாத்திரை நின்றது. கப்பல் வரவில்லை. டாக்டர் இருந்ததையெல்லாம் மன்னிக்கே கொடுத்தார். அவள் பாதியாக உடைத்தாள், பிறகு காலாக உடைத்தாள். அதோடு டாக்டரையும் யுத்தத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். கிளம்புவதற்கு முன்தினம் மன்னியை வரச்சொல்லி, நானும் கூட இருக்க, சொன்னார்:

"மாத்திரை கண்டுபிடிக்கதுக்கு முன்னால அந்தச் சதையையேதான் குடுத்தாங்க. ஆட்டுல, இந்தா, குரல்வளைக்குக் கீழ, மூச்சுக்குழாயை ஒட்டி ரெண்டு பக்கமும் சின்னதா இருக்கும். அதை வாங்கி லேசா வாட்டி, பொடிச்சு, ஒரு சிட்டிகை குடுங்க. ஒங்களால முடியுமான்னு எனக்குத் தெரியல்லம்மா. வேற வழி எனக்குத் தெரியல்ல." தன் தொண்டையில் இரண்டு விரலை வைத்து இரண்டு தரம் காட்டினார்.

அண்ணாவிடம் சொன்னாள். அவன் பேப்பரைக் கீழே வைத்து, "என்னாலே முடியாது" என்றான். அழுதான்கூட. சாணி அள்ளுகிறவளை அனுப்பலாமே என்றேன் நான். மன்னி கேட்கவில்லை. "அவ அவசரத்திலே ஏதோ ஒண்ணைக் கொண்டு வருவா. இது நானே போய்ப் பாத்து வாங்கணும். நீ கூட வரியா? தனியாப் போகக் கால் வரல்லை."

போனேன். அப்போது எனக்கு மூன்று மாசம், முழுகாமல் இருந்தேன். அதைச் சாக்காகச் சொல்லலாம். சொல்லிப் பார்த்திருக்கிறேன், எனக்கு நானே பல தரம்.

சாலைக் கடைத்தெருவைத் தாண்டி ஒரு சந்தில் இருந்தது இறைச்சிக் கடை. குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் போய் நின்றோம். கடைக்காரர் வயசானவர். அக்ரகாரத்துப் பெண்கள் இரண்டு பேரைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார். "எந்தா அம்மியாரே, வழி தெற்றியோ?" என்று கேட்டார், வழி தவறி வந்துவிட்டோம் என்று நினைத்து.

மன்னி குழந்தைக்கு மருந்து என்றாள். தொண்டையில் இருக்கிற சதை என்றாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை. வாசனை அப்படி. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது, ஏதோ நாமம் ஜபித்துக்கொண்டிருந்தாள். கொக்கியில் தொங்கினதை நான் பார்த்தேன். அவர் தாடைக்கு அடியில் கத்தியை விட்டு வெளுப்பாக ஒரு கட்டியை எடுத்தார். உள்ளங்கையில் வைத்து என் பக்கம் நீட்டினார்.

"இது தன்னேயோ அம்மியாரே?"

இதுதானா என்று கேட்டார். குரல்வளைக்குக் கீழே என்று டாக்டர் இரண்டு தரம் காட்டினது எனக்குத் தெரியும். இது அங்கிருந்து எடுத்ததில்லை என்பதும் தெரியும். ஆனால் எனக்கு வாந்தி தொண்டைவரை வந்துவிட்டது. யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயம். எப்படியாவது அங்கிருந்து கிளம்பினால் போதும். தலையை ஆட்டினேன். அவர் அதைத் தேக்கு இலையில் சுற்றிக் கொடுத்தார். மன்னி கண்ணைத் திறந்து, "சரியாப் பாத்தியாடி?" என்றாள். "பாத்தேன்" என்றேன்.

அதற்குப் பிறகு மன்னி தனியாகவே போய்வந்தாள். அவரும் அதே கட்டியை எடுத்து இலையில் சுற்றித் தயாராக வைத்திருப்பார். மாத்திரைக்குச் சொன்ன கணக்கு இதற்குச் சரிப்படாது என்று மன்னியே தீர்மானித்தாள். இதைத் தொட்டவள் மறுநாள் ஸ்நானம் பண்ணினாலும் அடுக்களைக்குள் வரக்கூடாது என்றாள். மாட்டுத் தொழுவத்தை ஒட்டி வைக்கோல் போடுகிற கொட்டில் ஒன்று இருந்தது. குழந்தையோடு அங்கே போய்விட்டாள். அங்கேயே மூன்று கல் வைத்து ஒரு அடுப்பு, ஒரு மண்சட்டி, ஒரு குழவி. சதையை வாட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவாள், கை மட்டும் கிளறிக்கொண்டிருக்கும். அம்மாவுக்கு இந்த வயசில் மறுபடி அடுக்களை. "என் தலையெழுத்து" என்று பாத்திரத்தை நங்கு நங்கென்று வைப்பாள். இருந்தும் ஒரு நாள் அவளே கொட்டில் வாசலில் ஒரு கிண்ணம் ரசத்தை வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போனதைப் பார்த்தேன்.

அம்மிணிக்குக் குணம் தெரியவில்லை. முதல் மாசம், பழக வேண்டாமா என்றோம். இரண்டாவது மாசம் கால் தடுமாறியது. மூன்றாவது மாசம் மேல் மறுபடி சில்லென்று ஆயிற்று. நாக்கு வெளியே வந்தது. காக்காய் வந்தால் பார்ப்பாள், வாய் திறக்கும், சத்தம் வராது. பிறகு வாயும் திறக்கவில்லை. மன்னி ஒரு சிட்டிகையை இரண்டாக்கினாள், இரண்டை நாலாக்கினாள். "அளவு போதல்லை போலிருக்குடி" என்றாள் என்னிடம்.

எனக்கு அப்போது ஒரு சந்தேகமும் வரவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். வந்தது. வாய் நுனிவரை வந்தது. இவ்வளவு நாள் கழித்து எப்படிச் சொல்வது? இதுவே சரியான சதையாக இருந்துவிட்டால் அவளை வீணாகக் கலக்கினதாக ஆகுமே? இப்படியெல்லாம் எனக்குச் சமாதானம் தெரியும். வாய் நீளக்காரி அந்த ஒரு விஷயத்தில் வாயைத் திறக்கவில்லை. நாலு மாசம்.

டாக்டர் லீவில் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு மன்னி குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நான் அன்றைக்கு அங்கே இருந்தேன், வயிற்றைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். டாக்டர் அம்மிணியைப் பார்த்துத் திடுக்கிட்டுவிட்டார்.

"குடுக்கல்லியாம்மா?"

"தினமும் கொடுக்கறேனே! ஒரு நாள்கூட விடல்லையே!" என்று மன்னி இலைப் பொட்டணத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தாள். அன்றைக்கு வாங்கினது, இன்னும் வாட்டவில்லை.

அவர் அதை விரலால் புரட்டினார். "இது அது இல்லியேம்மா. இது தாடைக்குக் கீழ உள்ளதுல்லா? எச்சில் ஊறுகதுக்குள்ள சதை. இதுல ஒண்ணும் கிடையாது."

"அப்போ இந்த நாலு மாசம்?"

அவர் பொட்டணத்தைத் திரும்ப மடித்தார். மன்னி என் பக்கம் திரும்பவேயில்லை. குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு நேரே சாலைக் கடைத்தெருவுக்கு நடந்தாள். அவ்வளவு வேகமாக அவள் நடந்து நான் பார்த்ததில்லை. நான் போய்ச் சேருவதற்குள் அவள் கடைக்குள்ளேயே, வெட்டுகிற கட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். குடை எங்கேயோ கிடந்தது. கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, தன் விரலாலேயே அந்த ஆட்டின் கழுத்தைத் தொட்டு, "இங்கே, இங்கே அறுங்கோ" என்றாள். அவர் அறுத்துப் பிரித்தார். குழாயின் இரண்டு பக்கமும் கருஞ்சிவப்பாக இரண்டு சின்னச் சதை ஒட்டிக்கொண்டிருந்தது, அவரைக் கொட்டை அளவுதான்.

"இதோ? இது ஆரும் வாங்ஙில்லல்லோ அம்மியாரே. களையுந்நதாணு" என்றார் அவர். யாரும் வாங்கமாட்டார்கள், தூக்கி எறிகிறதுதான் என்று.

மன்னி அதை வெறும் கையில் வாங்கிக்கொண்டாள்.

பதினாறு நாள் கொடுத்தாள். பதினான்காம் நாள் நான் கொட்டிலுக்குப் போனபோது, "கையைத் தொட்டுப் பாரு" என்றாள். தொட்டேன். இளம் சூடு இருந்தது. கொல்லையில் காக்காய் கத்த, அம்மிணி தலையைத் திருப்பினாள். உதட்டைக் கூட்டினாள். சத்தம் வரவில்லை. "வரும், வரும்" என்றாள் மன்னி. அது கர்க்கடக மாசம், விடாமல் மழை. கொட்டில் ஓட்டில் ஒழுக்கு. மறுநாள் குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. நாலு மாசமாகத் தேய்ந்த உடம்பு. டாக்டர் திரும்பிப் போய்விட்டிருந்தார். வேறொரு டாக்டர் வந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார். மூன்றாம் நாள் காலையில், மன்னியின் மடியில், அம்மிணி போய்விட்டாள். அவளுக்கு ஐந்து வயசு முடியவில்லை. என் பிள்ளை அன்றைக்குச் சிலேட்டில் 'அ' எழுதிக்கொண்டிருந்தான்.

எல்லாம் ஆன பிறகு அம்மாவே கொட்டில் வாசலுக்குப் போய், "உள்ளே வாடி கொழந்தே" என்று கூப்பிட்டாள். மன்னி கிணற்றடியில் குளித்தாள், கழியால் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள், அடுக்களைக்குள் போய் அடுப்பை மூட்டினாள். தெரு மாமிகள் மறுபடி அவளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். எல்லாவற்றுக்கும் போனாள். யாரிடமும் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. என்னிடமும் எப்போதும் போலத்தான் இருந்தாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

எனக்கு ஒன்பதாம் மாசம். ஒரு மத்தியானம் வலியசாலைக்குப் போனேன். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். மன்னி கூடத்தில் உட்கார்ந்து ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நானும் முறத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பொறுக்கினோம்.

"மன்னி, அன்னிக்குக் கடையிலே நான் சரியாப் பாக்கல்லை" என்றேன். சொல்ல ஆரம்பித்ததும் அழுகை வந்துவிட்டது. "அவர் வேறே இடத்திலே அறுத்தது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் தலையாட்டினேன். சீக்கிரம் கிளம்பினாப் போறும்னு இருந்தது. அப்புறம் எத்தனையோ நாள் சொல்லியிருக்கலாம், சொல்லல்லை. நான்தான் மன்னி…"

அவள் கை நிற்கவில்லை. ஒரு கல்லை எடுத்துத் தரையில் போட்டாள்.

"தெரியும். கூட வந்த அம்மியார் தலையாட்டினான்னு அவரே சொன்னார்."

"அப்போ ஏன் மன்னி என்னை ஒண்ணும் கேக்கல்லை?"

"உன்னை என்னன்னு கேக்கறது? உனக்காவது வாந்தி வந்துது, மசக்கை. எனக்கு என்ன வந்துது? வேலைக்காரியை நம்பாம, நானே பாத்து வாங்கணும்னு போனவ நான். போய் நின்னுண்டு, பாத்தாப் பாவம்னு கண்ணை மூடிண்டேன்." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. முறத்தைக் கீழே வைத்துவிட்டு, அழுதுகொண்டிருந்த என் முகத்தைத் தன் தலைப்பால் துடைத்தாள். "ரெண்டு பேர் போனோமே. ஒருத்தியாவது பாத்திருக்கலாமேடி."